வெண்ணெய்ப்பழக் கொட்டையும் அம்மாவின் சுட்டுவிரலும்

அன்புள்ள வாண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். கடிதம் என்றால் முதல் வரியில் எழுதியாக வேண்டுமே என்று எழுதுகிற சுகம் இல்லை இது, போன செவ்வாய்க்கிழமை டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொன்ன சுகம். அதனால் இனிமேல் வரப்போகிற எதைப் படித்தும் நீ பதறக் கூடாது, எல்லாம் நடந்து முடிந்து நல்லபடியாகத் தீர்ந்துபோன விஷயம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். வாரந்தோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, பிறகு எதற்கு அப்பா மூன்று தாள் வாங்கி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், அம்மா போனைப் பிடுங்கி ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்பாள், நடுவில் படம் உறைந்துபோய் நான் வாயைத் திறந்தபடி நிற்பேன். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவி, பாட்டிலுக்குப் பெயர் ஒட்டியவன், எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு ஓடும். எழுதச் சொன்னதும் அம்மாதான். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், கண்ணும் காதும் வைக்கக் கூடாதாம்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அம்மாவின் இரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று பரிசோதனையில் வந்ததல்லவா, அதைக் கேட்டதும் நீ வாரம் தவறாமல் அவகாடோ என்கிற வெண்ணெய்ப்பழம் சாப்பிடச் சொல்லிப் படமெல்லாம் அனுப்பினாய். தெருமுனைப் பழக்கடையில் கேட்டு வாங்கி வந்தேன். முதலில் கல் மாதிரி இருந்தது, நாலு நாள் கழித்துத்தான் இளகியது. முதல் இரண்டு பழத்தை நான் வெட்டிக் கரண்டியால் கொட்டையை எடுத்தேன், உப்பும் எலுமிச்சையும் போட்டு ரொட்டியில் தடவிச் சாப்பிட்டோம், அம்மா சோப்பு மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டாள். மூன்றாவது பழம் வெட்டும்போது, நான் கரண்டியால் நோண்டிச் சதையெல்லாம் பாழாக்குகிறேன் என்று அவளே கத்தியை எடுத்தாள். போனில் யாரோ சமையல்காரர் கொட்டையின் மேல் கத்தியை ஒரு போடு போட்டுத் திருகி எடுப்பதைப் பார்த்திருக்கிறாள். அதே மாதிரி பாதிப் பழத்தை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வலது கையால் ஓங்கினாள். கொட்டை வழுக்கல், கத்தி பக்கவாட்டில் சறுக்கி நேராகச் சுட்டுவிரலின் அடியில் இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து நான் முன்னறையிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். நீ போன பிறகு எதிர்வீட்டுக்குக் குடிவந்த டாக்ஸிக்காரர், தெருவில் நாய் கொட்டாவி விட்டால்கூட ஹாரன் அடிப்பார் என்பதால் நாங்கள் அவருக்கு ஹாரன் என்றே பெயர் வைத்திருக்கிறோம், அவர் ஜிப் பிய்ந்துபோன ஜாக்கெட்டை அம்மாவிடம் தைக்கக் கொடுக்க வாசலில் நின்றுகொண்டிருந்தார். வண்டிக்காரர் வந்திருக்கிறார் சீக்கிரம் வா என்று நான் குரல் கொடுத்தேன். நான் கூப்பிட்ட இந்த விஷயத்தைப் பிறகு சொல்கிறேன். அவள் வெளியே வந்தபோது சமையலறைத் துண்டைக் கையில் சுற்றியிருந்தாள், துண்டு என்ன நிறம் என்றே தெரியவில்லை. முகம் மட்டும் ஒன்றும் ஆகாதவள் மாதிரி இருந்தது. விரல் மடங்க மாட்டேங்குது என்று மட்டும் சொன்னாள். ஹாரன் ஜாக்கெட்டை அப்படியே நாற்காலியில் போட்டுவிட்டு எங்களை வண்டியில் ஏற்றினார். ஆஸ்பத்திரி வரை அவர் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கைக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், சின்ன உருவம், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டுதான் பேசுவார். விரலை மடக்குகிற தசைநாணும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பும் இரண்டுமே அறுந்திருக்கின்றன, நாளைக் காலையில் நுண்ணோக்கி வைத்துத் தைக்க வேண்டும் என்றார். மயிரைவிட மெல்லிய நூலால் தைப்பார்களாம். உன் அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு எத்தனாம் நம்பர் நூல் டாக்டர் என்று விசாரித்தாள். அவர் சிரித்துவிட்டு ஏதோ நம்பர் சொன்னார். அத்தனை மெல்லிய நூலை ஊசியில் யார் கோர்க்கிறார்கள் என்று இவள் கேட்க, ஊசியோடேயே வந்துவிடும் அம்மா என்று அவர் சொல்ல, எனக்கு அந்த மாதிரி ஒன்று கிடைத்தால் கண்ணாவது மிச்சமாகும் என்று இவள் பெருமூச்சு விட்டாள். தைத்து முடித்த பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தையல் நன்றாக விழுந்திருக்கிறது, ஆனால் நரம்பு என்பது வெட்டுப்பட்ட இடத்திலிருந்து நுனிவரைக்கும் தானே வளர்ந்து போக வேண்டும், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிய காரியம், இந்த வயதில் முழு உணர்ச்சியும் வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம் என்றார். அவள் தையல் வேலை செய்கிறவள் என்றேன். தெரியும், நூல் நம்பர் கேட்டார்களே என்றார்.

உன்னிடம் மறைத்தது அன்றைக்குத்தான் முடிவானது. நான் போனை எடுத்துவிட்டேன். நீ புது வேலையில் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அம்மா கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, "அவளுக்குச் சொல்லாதீங்க. அவ சொல்லித்தான் பழம் வாங்கினோம்னு அவ மனசுல ஏறிடும். வேலையப் போட்டுட்டு ஓடி வருவா. கை சரியானப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள். சரியாகாவிட்டால் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த பொய்கள். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அம்மா இடது கையை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். மிஷின் சத்தமே கேட்கவில்லையே என்று நீ கேட்டாய், பெல்ட் அறுந்துவிட்டது என்றேன். மூன்று வாரம் கழித்து இன்னுமா பெல்ட் வரவில்லை என்றாய், அந்த மாடல் இப்போது கிடைப்பதில்லை என்றேன். அம்மா தலைமுடி ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று கேட்டாய், காற்று என்றேன், ஜன்னல் சாத்தியிருந்தது உனக்குத் தெரிந்தே இருக்கும். அது காற்று இல்லை, நான் பின்னிய பின்னல். ஒற்றைக் கையால் பின்ன முடியாதே, அதனால் உன் அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயதில் அந்த வேலையும் வந்து சேர்ந்தது. முதல் வாரம் கயிறு திரிக்கிறீர்களா என்றாள், இரண்டாம் மாதம் பரவாயில்லை என்றாள், அவள் வாயிலிருந்து பரவாயில்லை வந்தால் அது எப்பேர்ப்பட்ட பாராட்டு என்று உனக்கே தெரியும்.

இனி அந்தக் கொட்டை. அறுவை முடிந்த நாலாம் நாள் விரல் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். பயிற்சி கொடுப்பது உன் வயசுப் பெண், பொறுமையே உருவானவள், அம்மா அவளுக்கு விரல் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டாள். அவள் அறை ஜன்னலில் ஒரு செடி, ஆள் இடுப்பு உயரம், பளபளவென்று நீள இலை. என்ன செடி என்று கேட்டால், மத்தியானச் சாப்பாட்டில் வந்த வெண்ணெய்ப்பழத்தின் கொட்டை அம்மா, தண்ணீரில் வைத்தேன் வந்துவிட்டது என்றாள். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே எரிச்சலாக இருந்த சமயம். உன் அம்மா பயிற்சியை விட்டுவிட்டு அதை எப்படி வைப்பது, எத்தனை நாளாகும், எந்தப் பக்கம் கீழே என்று முழுவதும் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கொட்டை எங்கே என்றாள். குழாய்க்குப் பின்னால் கத்தி கீறிய தழும்போடு கிடந்தது, அதைத் தொட எனக்கு மனசு வராமல் அப்படியே விட்டிருந்தேன். இது வேண்டாம், ஆசையாக இருந்தால் வேறு பழம் வாங்கித் தருகிறேன் என்றேன். "இன்னொரு பழத்த இந்த வீட்ல யாரு வெட்டுறது? இதுதான் ஏற்கெனவே வெளில வந்துடுச்சே. அது என்ன, வேணும்னா பண்ணுச்சு?" என்றாள். நான் கொட்டையைக் கழுவினேன். தட்டையான பக்கம் கீழே, கூரான பக்கம் மேலே. சுற்றிலும் மூன்று பல்குச்சி குத்தி, பள்ளிக்கூடத்தில் விளிம்பு உடைந்தது என்று ஒதுக்கின பீக்கர் ஒன்று என்னிடம் இருந்ததே, அதன் வாயில் நிற்கவைத்து, அடிப்பாகம் மட்டும் நனைகிற மாதிரி தண்ணீர் ஊற்றினேன். கை சும்மா இருக்குமா, தேதி எழுதிச் சீட்டும் ஒட்டினேன். முன்னறை ஜன்னலில், துணி போட்டு மூடிய மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒன்றும் நடக்காத அந்த ஆறு வாரம்தான் எங்களுக்கு ரொம்ப நீளம். நாலு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றுவேன், கொட்டையின் பழுப்புத் தோல் உரிந்து வழவழவென்று ஆனது, அவ்வளவுதான். அம்மா காலையில் எழுந்ததும் கட்டையோடு கட்டிய கையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்க் குனிந்து பார்ப்பாள், பிறகு திரும்பி வந்து உட்காருவாள். மிஷின் பக்கம் பார்க்கவே மாட்டாள். யாராவது பேன்ட் சுருக்கவோ திரைச்சீலைக்கு மடிப்பு அடிக்கவோ வந்தால் நான்தான் வாசலிலேயே நின்று, அவளுக்கு உடம்பு சரியில்லை, வேறு இடத்தில் கொடுங்கள் என்று அனுப்புவேன். உள்ளே அவள் காதில் விழும். ஹாரனிடமும் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை, அக்கா கையாலேயே தைக்கட்டும் சார், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்றுவிட்டார். பிறகு அவர் ஜாக்கெட்டே இல்லாமல் கைகளைக் கட்டிக்கொண்டு குளிரில் வண்டி துடைப்பதைப் பார்த்து, ஜிப் இல்லாவிட்டாலும் திறந்தபடியாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் கட்டாயப்படுத்திக் கையில் திணிக்க வேண்டியிருந்தது. ஆறாம் வாரம் கட்டையை எடுத்தார்கள். விரல் மடங்க ஆரம்பித்தது, ஆனால் தொட்டால் தெரியவில்லை. விரல் டீச்சர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு, உப்புத்தாள், பொத்தான் என்று ஒவ்வொன்றாகத் தேய்ப்பாள், இவள் எல்லாவற்றுக்கும் தெரியலம்மா என்பாள். அதே வாரம் கொட்டையின் அடியில் தலைமயிர் மாதிரி ஒரு விரிசல் விட்டது. ஐந்து நாள் கழித்து அதற்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள், சந்தோஷப்பட்டாள், ஆனால் அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை, தன் விரலைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டாம் மாத முடிவில் நடந்ததைத்தான் எழுதக் கை தயங்குகிறது, ஆனால் நடந்தபடி எழுதச் சொல்லியிருக்கிறாள். ஒரு சாயங்காலம் டீ போட்டாள். டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் ஏதோ பேசிக்கொண்டே நின்றாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் நான் கவனித்தேன், சுட்டுவிரல் டம்ளரோடு ஒட்டிச் சிவந்துபோயிருந்தது. விரல், விரல் என்று நான் கத்தினதும் குனிந்து பார்த்தாள். பெரிய கொப்புளம். அவளுக்குச் சூடே தெரியவில்லை. குழாயைத் திறந்து விரலைத் தண்ணீரில் காட்டினேன். கத்தி இறங்கின அன்றைக்கு அழாதவள் அன்றைக்கு அழுதாள். "துணி எங்க முடியுதுன்னு தெரியாத விரல வச்சுக்கிட்டு நான் என்னத்தத் தைக்கிறது? ஊசி ஏறினாக்கூட எனக்குத் தெரியாது" என்றாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இரண்டு மாதமாக என் நெஞ்சில் கிடந்ததை அங்கேயே, குழாயடியிலேயே சொல்லிவிட்டேன். நான் கூப்பிட்டதால்தான் நீ திரும்பினாய், திரும்பினதால்தான் கத்தி சறுக்கியது, நான் ஐந்து நிமிஷம் பொறுத்திருந்தால் உன் கை கையாக இருந்திருக்கும் என்றேன். வாண்டு, தினமும் அவளுக்குத் தலை பின்னும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், முதுகைப் பார்த்தால்கூட வாய் வராது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இத்தன நாளா இதையா வச்சுக்கிட்டு இருந்தீங்க? நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. ஆனா அதுக்குள்ள கத்தி இறங்கிடுச்சு. கை பட்டுத் தட்டு விழுந்து, நான் துண்டத் தேடிட்டு இருந்தப்பதான் உங்க குரல் வந்துச்சு" என்றாள்.

எனக்காகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். உன் அம்மா அப்படிச் சொல்லக்கூடியவள்தான். மறுநாள் ஹாரனைப் பார்த்தபோது சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. ஏதோ தட்டு விழுந்த சத்தம் கேட்டது சார், அதற்கப்புறம்தான் நீங்கள் கூப்பிட்டீர்கள், உள்ளே ஏதோ விழுகிறதே என்று நான் உங்களிடமே சொன்னேன், மறந்துவிட்டீர்களா என்றார். சுத்தமாக மறந்திருந்தேன். முப்பத்தொரு வருஷம் எது முதலில் நடந்தது எது பிறகு நடந்தது என்று பிள்ளைகளை வரிசையாக எழுதச் சொன்னவனுக்கு, சொந்த வீட்டில் நடந்த வரிசை மனசுக்குள் தலைகீழாகிவிட்டிருந்தது. தெருவில் நின்றபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பாவம், ஒன்றும் புரியாமல் தன் வண்டித் துணியை நீட்டினார். அதனால்தான் இதை உனக்கு இத்தனை விலாவாரியாக எழுதுகிறேன். நான் சொல்லாமல் வைத்திருந்தது எனக்கு என்ன செய்தது என்று நான் பார்த்தாயிற்று.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நல்லதே வந்தது. கொட்டை இரண்டாகப் பிளந்து நடுவிலிருந்து சிவந்த குச்சி மாதிரி ஒரு தண்டு கிளம்பியது, நுனியில் மடித்து வைத்த கைக்குட்டை போல இலை. மூன்றாம் மாதம் ஒரு சாண் உயரம் வந்தபோது விரல் டீச்சர் அதைப் பாதிக்கு வெட்டிவிடச் சொன்னாள், வெட்டினால்தான் பக்கக் கிளை விட்டு அடர்ந்து வருமாம், இல்லாவிட்டால் ஒற்றைக் கொம்பாக உயர்ந்து சாய்ந்துவிடுமாம். இத்தனை நாள் காத்திருந்து வந்ததை வெட்டுவதா என்று நான் பீக்கரைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். அம்மா தையல் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்து, அளவு பார்த்து, ஒரே வெட்டு. துணி வெட்டுகிறவளுக்கு வெட்டப் பயமா என்றாள். அந்தக் கத்தரியை அவள் மூன்று மாதத்தில் முதல் தடவை தொட்டது அப்போதுதான். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பின்னால் என்ன மொட்டைக் குச்சி என்று சிரித்தாயே, அது வெட்டின மறுநாள். கொட்டையில் முளைக்கவைத்தது காய்க்கப் பத்து வருஷம் ஆகும், காய்த்தாலும் காய்க்கும் என்று நீ பாடம் நடத்தினாய். காய்க்கவே வேண்டாம் என்று அம்மா அவ்வளவு வேகமாகச் சொன்னது ஏன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு கிளை விட்டதும் தொட்டிக்கு மாற்றினோம். நான் தொட்டியின் அடியில் ஓட்டை போட்டு, சின்னக் கல் பரப்பி, மண்ணும் மணலும் கலந்து வைத்தேன். அம்மா கொட்டையைப் பிடித்துக்கொண்டு பல்குச்சிகளை ஒவ்வொன்றாக உருவினாள். இரண்டு வந்துவிட்டது. மூன்றாவது ஊறிப்போய்ப் பாதியில் முறிந்தது, சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்ததை இடது கை விரலால் நெம்பினாள். திடீரென்று ஸ் என்று கையை இழுத்துக்கொண்டாள். நான் வேர் முறிந்துவிட்டதோ என்று பார்க்கிறேன், அவள் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "குத்திச்சு" என்றாள். எந்த விரல் என்றேன். சுட்டுவிரல், நடுக்கணுவுக்கு மேலே. நான் நம்பாமல் கண்ணை மூடச் சொல்லி, முறிந்த அந்தக் குச்சியாலேயே மெதுவாகத் தொட்டேன். தெரியுது என்றாள். தொடாமல் சும்மா இருந்து கேட்டேன், இப்ப நீங்க தொடல, ஏமாத்தாதீங்க என்றாள். இரண்டு பேரும் கையெல்லாம் மண்ணோடு தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். செடியை நடுவது மறந்தே போனது, அரை மணி நேரம் அது வேரோடு என் மடியில் கிடந்தது.

அதற்குப் பிறகும் ஒரு பயம் காட்டியது செடி. தொட்டிக்கு மாறின இரண்டாம் வாரம் இலையெல்லாம் தொங்கி நுனி கருகியது. தண்ணீர் போதவில்லை என்று நான் காலையில் ஊற்றுவேன். நான் மாடிக்குத் துணி உலர்த்தப் போகும் நேரம் பார்த்து, இவர் ஊற்றுவது எங்கே போதப்போகிறது என்று அவளும் ஊற்றியிருக்கிறாள். ஒரு நாள் அடித்தட்டு நிரம்பித் தரையில் வழிந்ததில் இரண்டு பேர் குட்டும் வெளிப்பட்டது. இப்போது வேலை பிரித்தாயிற்று, மேல்மண் காய்ந்திருக்கிறதா என்று அவள் விரல் விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் நான் ஊற்ற வேண்டும். அவள் ஈரம், காய்ந்தாச்சு என்று சொல்லும்போதெல்லாம் எந்த விரலால் பார்த்தாள் என்று நான் ஓரக்கண்ணால் கவனிப்பேன். எப்போதும் அந்த விரல்தான்.

போன செவ்வாய்க்கிழமை டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, கவராயம் மாதிரி இரண்டு முனை உள்ள ஒன்றை விரல் நுனியில் வைத்தார். ஒரு முனையா இரண்டா என்று சொல்ல வேண்டும். அகலமாக வைத்தார், இரண்டு என்றாள். முனைகளை நெருக்கிக்கொண்டே வந்தார், இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு. நான் முனையைப் பார்க்கிறேன், அவள் முகத்தைப் பார்க்கிறேன், ஒவ்வொன்றும் சரி. டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை சோதித்தார். பிறகு, மிஷினில் உட்காரலாம் அம்மா, இனிமேல் ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். குளிர் நாளில் கொஞ்சம் மரமரப்பு இருக்குமாம், அது போகப் போகக் குறையுமாம். வீட்டுக்கு வந்து மிஷின் துணியை எடுத்தாள், எண்ணெய் போட்டாள், எதிர்வீட்டுக்குப் போய் ஜாக்கெட்டைக் கொடுங்கள் என்றாள். ஐந்தரை மாதம் திறந்த மார்போடு ஓட்டின மனிதர் கழற்றிக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். பழைய ஜிப்பைப் பிரித்துப் புதியதை வைத்து, இடது விரலால் ஓரத்தைத் தடவித் தடவித் தள்ளிக்கொண்டே அடித்தாள். வழக்கமாகக் கால் மணி நேர வேலை, அன்றைக்கு ஒரு மணி நேரம். அவர் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, அந்த வெயிலில், கழற்றாமலே வண்டி எடுத்துக்கொண்டு போனார். தெருமுனை வரைக்கும் ஹாரன்தான்.

இப்போது உனக்கு. நீ இந்த வரிக்கு வருவதற்குள் நான்தானே அந்தப் பழத்தை வாங்கச் சொன்னேன் என்று ஆரம்பித்திருப்பாய். உன்னைப் பெற்றவன் எனக்குத் தெரியாதா. நீ சாப்பிடத்தான் சொன்னாய், உள்ளங்கையில் வைத்து ஓங்கச் சொல்லவில்லை. இரண்டு மாதம் நான் செய்யாததை நான் செய்ததாக நினைத்துக்கொண்டு சோறு இறங்காமல் இருந்தேன், அந்த வேலையை என்னிடமிருந்து நீ வாங்கிக்கொள்ளாதே. கோபம் வந்தால் மறைத்ததற்காகக் கோபப்படு, அது நியாயம், திட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒதுக்கித் தருகிறேன். டிக்கெட் மட்டும் போட்டுவிடாதே, நீ ஏற்கெனவே சொன்னபடி விடுமுறைக்கு வந்தால் போதும். அம்மாவின் கொழுப்பும் இறங்கியிருக்கிறது, ஏனென்றால் நாங்கள் பழம் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஒரே மாற்றம், பாதிப் பழம் பலகையில்தான் இருக்கும், கொட்டையைக் கரண்டிதான் எடுக்கும், சதை பாழாவதைப் பற்றி இந்த வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. நீயும் அப்படியே செய், அவசரத்தில் நின்றுகொண்டு வெட்டாதே. வேலையிடத்தில் குளிரூட்டி உன் தலைக்கு நேராக இருக்கிறது என்றாயே, இடம் மாற்றிக் கேட்டாயா. கேட்காவிட்டால் அம்மா தைத்து அனுப்பியிருக்கிற முழுக்கைச் சட்டை இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே வரும், அதைப் போட்டுக்கொள். மிஷினில் உட்கார்ந்த இரண்டாவது வேலை அது. காலரில் ஒரு தையல் லேசாக வளைந்திருக்கும், பிரித்து அடிக்கப் போனவளை நான்தான் விடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு ஏதாவது ஆனால் எங்களை மாதிரி ஐந்தரை மாதம் வைத்திருக்காதே, அன்றைக்கே சொல், நாங்கள் தாங்கிக்கொள்வோம். எங்கே இருந்தாலும் நிம்மதியாக, நிறைவாக இரு. இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. கடிதம் கிடைத்ததும் ஒரு வரி போட மறக்காதே.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா

அம்மா எழுதுவது: எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், அழுததை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். நான் நன்றாக இருக்கிறேன் கண்ணு. இதை எழுதும்போது தாளை இடது கையால்தான் அழுத்திப் பிடித்திருக்கிறேன். எத்தனை மெல்லிய தாள் என்று தெரிகிறது.